டைகர் பார்ப்: சில வருடங்கள் வளர்த்த பிறகு

டைகர் பார்ப் வாங்கலாமா என்று யாரிடம் கேட்டாலும், "அது மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும், வேண்டாம்" என்பதுதான் முதலில் வரும் பதில். கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எத்தனை மீன்கள் இருக்கும்போது கடிக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சில வருடங்களாக வளர்த்துப் பார்த்ததில், இந்த மீனைப் பற்றிய முக்கால்வாசிப் புகார்கள் அந்த எண்ணிக்கையில்தான் வந்து நிற்கின்றன.

மூன்று நான்கு மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பெரியது ஒன்று தலைவனாகி, மற்றவற்றை மூலைக்கு விரட்டிக்கொண்டே இருக்கும். அடி வாங்கும் மீன் நிறம் மங்கி, துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஹீட்டருக்குப் பின்னால் ஒளியும். அதே மீனைப் பத்துப் பன்னிரண்டு மீன்கள் உள்ள கூட்டத்தில் விட்டால் கதையே வேறு. விரட்டல் நிற்காது, ஆனால் பங்கு போடப்படும். இப்போது துரத்துகிற மீனே அடுத்த நிமிடம் துரத்தப்படும். இரண்டு ஆண்கள் பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்துச் சுற்றிச் சுற்றி வரும். பார்க்கப் பெரிய சண்டை போலத் தெரியும், கடைசியில் ஒரு செதில்கூட உதிர்ந்திருக்காது. தங்களுக்குள்ளேயே இவ்வளவு வேலை இருப்பதால் அடுத்த மீனின் வாலில் அவற்றுக்கு அவ்வளவாக அக்கறை இருக்காது. எட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள், பத்துக்கு மேல் என்றால் இன்னும் நல்லது. அதற்கு இடம் இல்லை என்றால் வேறு மீன் பார்ப்பதே மேல்.

அப்படியானால் தொட்டியும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். முழு வளர்ச்சியில் 6 முதல் 7 செ.மீ. வரைதான் வரும் மீன் என்றாலும், ஓரிடத்தில் நிற்கிற பழக்கம் இதற்குக் கிடையாது. 2 அடித் தொட்டியில் திரும்பித் திரும்பி நீந்தியே வாழ்க்கை போய்விடும். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி, அதாவது சுமார் 120 லிட்டர், ஒரு டஜன் மீன்களுக்குச் சரியாக இருக்கும். உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். மூடியும் அவசியம், துரத்தலில் தப்பிக்கிற மீன் சில சமயம் தண்ணீருக்கு வெளியே துள்ளிவிடும்.

இயற்கையில் இவை சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஓடைகளில் வாழ்பவை. பழைய புத்தகங்களில் தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: டச்சு மீன் ஆய்வாளர் பிளீக்கர் 1855-இல் விவரித்த இந்த மீன் பார்பஸ், புன்டியஸ் என்று பல பேரினங்களுக்கு மாறி, 2013 முதல் புன்டிகிரஸ் டெட்ரசோனா என்று அழைக்கப்படுகிறது. எந்தப் பெயரில் படித்தாலும் மீன் ஒன்றுதான்.

தண்ணீர் விஷயத்தில் இது அவ்வளவாக அடம் பிடிக்காது. லேசான அமிலத்தன்மை பிடிக்கும் என்பார்கள், ஆனால் பிஹெச் 6 முதல் 7.5 வரை எங்கே இருந்தாலும் நன்றாகவே இருக்கிறது. வெப்பநிலை 23 முதல் 26 டிகிரி செல்சியஸ் போதும். பிஹெச்சைச் சரியான எண்ணுக்குக் கொண்டுவர மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதைவிட, இருக்கிற அளவு மாறாமல் பார்த்துக்கொள்வது மீனுக்கு நல்லது. இது பொறுக்காதது அழுக்குத் தண்ணீரைத்தான். ஒரு டஜன் துறுதுறு மீன்கள் நிறையத் தின்று நிறையக் கழிவு போடும். அந்தக் கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அவற்றை மாற்றித் தீர்க்கிற பாக்டீரியா ஃபில்டரில் பெருகச் சில வாரங்கள் ஆகும், அதற்கு முன் மீனை விடக் கூடாது. பிறகு வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் நைட்ரேட்டும் கட்டுக்குள் இருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், அதில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிவிட்டால் போதும். ஃபில்டரின் ஓட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தாலும் இவை எதிர்நீச்சல் போட்டு விளையாடும்.

தீனிக்கு முன்னால் இதைப்போல வெட்கம் கெட்ட மீனைப் பார்த்ததில்லை. கை மேலே வந்தாலே கூட்டம் முழுக்கக் கண்ணாடிக்கு வந்துவிடும், எப்போது பார்த்தாலும் பட்டினி கிடப்பது போலத்தான் நடிக்கும். அதை நம்பக் கூடாது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு பெல்லட், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் உறைந்த ரத்தப்புழு அல்லது டாப்னியா என்ற நீர்த்தெள்ளு, எப்போதாவது தோல் உரித்து வேகவைத்த பட்டாணி. வாரம் ஒரு நாள் எதுவும் போடாமல் விடுவேன், அதனால் எந்தக் கெடுதலும் தெரிந்ததில்லை. அடித்தளத்தில் வாழும் கோரிடோரஸ் போன்ற மீன்கள் கூட இருந்தால் அவற்றின் பங்கையும் இவையே தின்றுவிடும். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் பெல்லட் போடுவதுதான் வழி.

யாரோடு சேர்க்கலாம்? ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் மூன்றும் கூடவே கூடாது. கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மெதுவாக ஆடிக்கொண்டு போகிற நீளமான துடுப்பைக் கண்டால் இவற்றுக்குக் கை அரிக்கும். கௌராமியின் மெல்லிய இழைகளையும் விடாது. ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப் போல வேகமாக ஓடுகிறவை சரி. கிளவுன் லோச்சை இதோடு சேர்த்து விற்பது வழக்கம், இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வருபவை, வரிகளும் பொருந்தும். ஆனால் சின்னதாக இருக்கும்போது அழகாக இருக்கும் அந்த லோச் 30 செ.மீ. வரை வளரக்கூடியது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் இந்தத் தொட்டியை டைகர் பார்ப்புக்கே கொடுத்துவிடலாம். பச்சை, அல்பினோ வகைகளும் இதே மீன்தான், ஒரே கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். சாதாரண ஆரஞ்சுக்கு நடுவே இரண்டு மூன்று பச்சை போதும், பார்வைக்கு நிறைவாக இருக்கும்.

செடிகளில் மெல்லிய இலையுள்ளவற்றை அவ்வப்போது கொறிக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைகளைத் தொடுவதில்லை. நடுவில் நீந்த வெற்றிடம் விட்டு, ஓரங்களில் கட்டையும் செடியும் வைத்தால் துரத்தப்படும் மீன் ஒதுங்க இடம் கிடைக்கும். அடியில் கருப்பு மணல் போட்டால் நான்கு பட்டைகளும் எடுப்பாகத் தெரியும், வெள்ளைக் கூழாங்கல்லில் மீன் வெளிறிப்போகும்.

இரவில் எழுந்து தொட்டியைப் பார்த்தால் சில மீன்கள் தலையைக் கீழே சாய்த்து அசையாமல் நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பதறுவார்கள். ஓய்வெடுக்கும்போது இவை அப்படித்தான். பகலில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, தீனிக்கும் வராமல் அப்படி நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

நோய் என்று பார்த்தால் வெள்ளைப்புள்ளிதான் அதிகம் வருகிறது. உப்புத் தூவியது போல உடம்பில் புள்ளிகள் தெரியும். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது, தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் அது திரும்ப வரும். மருந்துச் சீட்டில் உள்ள நாள் கணக்கை முழுதாக முடிக்க வேண்டும். வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டினால் அதன் சுழற்சி வேகமாகும், ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் கூடவே ஓட வேண்டும்.

முட்டை போடுவது சர்வசாதாரணம். மூக்கு நல்ல சிவப்பாகிற ஆணும் வயிறு உருண்ட பெண்ணும் செடிக்குள் நுழைந்து முட்டைகளைத் தூவும், தூவிய கையோடு அவையே திரும்பித் தின்னும். குஞ்சு வேண்டும் என்றால் தனித் தொட்டி வைத்து, முட்டையிட்டதும் பெற்றோரை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாளுக்குள் பொரித்துவிடும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளுக்குத் தீனி கொடுக்கிற பொறுமை எனக்கு இல்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

நன்றாக வைத்துக்கொண்டால் 5 முதல் 7 வருடம் வரை இருக்கும். வயதான மீன்கள் வேகம் குறைந்து, நிறமும் கொஞ்சம் தளர்ந்து, கூட்டத்தின் ஓரத்திலேயே நீந்தும். ஒவ்வொன்றாகக் குறைந்து ஐந்தாறு என்று ஆகும்போது பழைய தொல்லை, ஒன்றே எல்லோரையும் விரட்டுவது, மறுபடி ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு வரும் முன்பே புதிய மீன்களைச் சேர்த்துவிட வேண்டும். ஒன்றிரண்டாக விடாமல் நான்கைந்தை ஒன்றாக வாங்கி, மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே விட வேண்டும். ஒரு முறை அந்தத் தனித் தொட்டியிலேயே வெள்ளைப்புள்ளி வெளிப்பட்டது, பெரிய தொட்டி தப்பித்தது. விடுகிற அன்று கட்டை, கல் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தால் பழைய மீன்களுக்கும் தொட்டி புதிதாகிவிடும், தன் இடம் என்று எதையும் காக்க முடியாது. இரண்டு மூன்று நாள் துரத்தல் அதிகமாக இருக்கும், அப்புறம் எது பழசு எது புதுசு என்று அளவை வைத்துத்தான் சொல்ல முடியும்.