கவர கழட்டலாம், பேட்டரிய கழட்ட முடியாது: ஒரு மாடுலர் ஃபோனோட குப்பை கொட்டுன கதை

சார்ஜிங் போர்ட் மாத்திட்டு வந்த சூட்டோட எழுதுறேன், அதனால காரம் கொஞ்சம் தூக்கலா இருந்தா கண்டுக்காதீங்க. இந்த ஃபோன் விலை நல்லா இறங்கிருச்சாம், "நீ வச்சிருக்கேல்ல, வாங்கலாமா சொல்லு"ன்னு மாப்ள ஒருத்தன் நச்சரிச்சுக்கிட்டே இருக்கான், அவனுக்கும் சேர்த்துத்தான் இது. கம்பெனி பேரு போடல, ஸ்பெக்குக்குள்ளயும் போகல. சங்கதி என்னன்னா பின்பக்க கவர நாமளே ஸ்க்ரூ கழட்டி மாத்திக்கலாம், பின்னாடி கயிறு, ஸ்டாண்டு, கார்டு பவுச்சுன்னு என்னத்தையாச்சும் முடுக்கிக்கலாம். இத வச்சுத்தான் மாடுலர் மாடுலர்னு, அதாவது பாகம் பாகமா கழட்டி மாட்டலாம்னு, வித்தாங்க.

முதல்ல நல்லத சொல்லிடுறேன், பெறகு மறந்துரும். நமக்கு சிசிடிவி மாட்டுற வேலை. வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்னு அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டம், பாதி நேரம் ஏணி மேலதான் பொழப்பு. கேமரா எந்தப் பக்கம் பாக்குதுன்னு ஏணியில நின்னுக்கிட்டே ஃபோன்ல பாக்கணும், ஒரு கையில ட்ரில், ஒரு கையில ஒயரு, முன்ன எல்லாம் ஃபோன சட்டைப் பையில வச்சு குனியிறப்ப கீழ போட்டு டிஸ்ப்ளே போறது சகஜம். இதுல கயிற ஸ்க்ரூ போட்டு முடுக்கி கழுத்துல தொங்க விட்டாச்சு, கவர்ல ஓட்டை போட்டு மாட்டுற கயிறு மாதிரி பிஞ்சு வராது. ஃபோன் கைக்கு வந்ததுலேர்ந்து ஏணியில இருந்து விழவே இல்ல. சத்தியமா சொல்றேன், எந்தக் கேமராவும் எந்த ப்ராசஸரும் குடுக்காத நிம்மதி இந்த ரெண்டு முழக் கயிறு குடுத்துச்சு. கவரோட அளவ கம்பெனியே ஃபைலா வெளிய விட்டிருக்கு, புதூர்ல நமக்குத் தெரிஞ்ச பய ஒருத்தன் த்ரீ-டி பிரிண்டர் வச்சிருக்கான், அவன் வண்டி ஹேண்டில்பார்ல மாட்டுற மாதிரி ஒரு கிளாம்ப் அடிச்சுக் குடுத்தான், மேப் பாக்க அம்புட்டு வசதி. மே மாச வெயில்ல லேசா நெளிஞ்சிருச்சு, திரும்ப அடிச்சுக் குடுத்தான், காசு கூட வாங்கல.

இப்ப திட்டுற பகுதி.

அந்தக் கவர ஒவ்வொரு தடவ கழட்டுறப்பவும் உள்ள பேட்டரி பளிச்சுன்னு தெரியும். இந்தா கை நீட்டுனா எடுத்துரலாம்ங்கிற மாதிரி. ஆனா கீழ பூராம் கம் போட்டு ஒட்டி, மேல ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கரும் ஒட்டி வச்சிருக்கான். கழட்டுற சுகத்த கவர்ல குடுத்துட்டு, கழட்ட வேண்டிய பொருள ஒட்டி வைக்கிறதுக்கு என்ன பேருங்க? கவரு கலரு போயிருச்சுன்னு எவனாச்சும் ஃபோன தூக்கிப் போட்டிருக்கானா? ஃபோன் சாகுறது பேட்டரியாலயும் சார்ஜ் போர்ட்டாலயும்தான், இது மதுரைல எந்த சர்வீஸ் கடையில கேட்டாலும் சொல்லுவாங்க.

நமக்கும் சார்ஜ் போர்ட்தான் போச்சு. சார்ஜர் பின்ன ஒரு பக்கமா சாய்ச்சு அழுத்திப் புடிச்சாத்தான் சார்ஜ் ஏறும், பெறகு அதுவும் இல்ல. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் வழக்கமா போற கடைக்குப் போனேன். கடைத் தம்பி ஃபோன வாங்கிப் பாத்துட்டு குஷியாயிட்டான், "ஹீட் கன்னே வேணாம்ணே, ஸ்க்ரூவக் கழட்டுனா தொறந்துருது, சிசி போர்டு தனியா இருக்கு, பத்து நிமிச வேலைண்ணே"ன்னான். சிசி போர்டுன்னா சார்ஜ் பின் சொருகுற ஓட்டை இருக்கிற குட்டி போர்டு. சரி பத்து நிமிசம்தான்னு டீ சொல்லிட்டு உக்காந்தேன். டப்பாவ எல்லாம் கிண்டிப் பாத்துட்டு வந்து, "இந்த மாடலுக்கு சிசி போர்டு நம்ம ஊர்ல வரலண்ணே, ரிச்சி ஸ்ட்ரீட்ல சொல்லி வைக்கணும்"ங்கிறான். சென்னையில இருந்து பார்சல் வர்ற வரைக்கும் வீட்டுல கெடந்த பழைய ஃபோன வச்சு ஓட்டுனேன். வந்த முதல் போர்டும் வேற மாடல் போர்டு. இதுல அந்த முதல் நாள் நான் டீயோட உக்காந்திருந்தப்பவே பக்கத்துல ஒரு அம்மா, பட்ஜெட் ஃபோன் ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஊர்ல நூத்துல முப்பது பேரு கையில இருக்கிற ரகம், ஹீட் கன் வச்சு சூடு காட்டி, பிக் விட்டுப் பேக் பேனலப் பிரிச்சு, போர்ட மாத்தி, திரும்ப கம் தடவி ரப்பர் பேண்டு போட்டுக் குடுத்துட்டான், 350 ரூவா. நான் இன்னும் அந்த டீயவே முடிக்கல.

அங்கதான் எனக்கு மண்டையில ஏறுச்சு. ஸ்க்ரூவா கம்மாங்கிறது நமக்கு ஒரு பிரச்சினையே இல்ல. கம்ம பிரிக்கிற கை மதுரை பூராம் இருக்கு. டப்பாவுல பார்ட்ஸ் இருக்கா, அதான் கணக்கு. மேலமாசி வீதியில இருந்து மீனாட்சி பஜார் வரைக்கும் காம்போ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்தது), சிசி போர்டு, பேட்டரின்னு அடுக்கி வச்சிருக்கானே, அந்த அலமாரியில இடம் புடிச்ச ஃபோன்தான் மாடுலர் ஃபோன், பாக்ஸ்ல என்ன எழுதியிருந்தா என்ன.

நோக்கியா 1100 காலத்து பிஎல்-5சி பேட்டரிய எடுத்துக்கங்க. எவனும் அத மாடுலர்னு சொல்லி விக்கல. ஆனா ஒரே பேட்டரி அம்புட்டு மாடல்லயும் போச்சு, இன்னிக்கும் எஃப்எம் ரேடியோலயும் சின்ன ஸ்பீக்கர்லயும் அதுதான் கெடக்கு, உசிலம்பட்டி சந்தைப் பக்கம் கேட்டாலும் எடுத்துக் குடுப்பான். இதுக்கு மேல என்ன மாடுலரு வேணும்?

சரி, ரேம் மாத்துறது, ப்ராசஸர் மாத்துறது எல்லாம் எப்ப வரும்னு மாப்ள கேட்டான். வராதுடா. 2013ல ஃபோன்பிளாக்ஸ்னு ஒரு வீடியோ வந்து ஊரே ஷேர் பண்ணுச்சு, லெகோ மாதிரி ஃபோன்னு. அதே வருசம் மோட்டோரோலாவும் அதே மாதிரி ஒரு ஃபோனுக்கு ப்ராஜெக்ட் ஆரான்னு ஆரம்பிச்சுச்சு, அந்தக் கம்பெனி கூகுள் கையில இருந்த காலம். காந்தம் வச்சு ஒட்டுற மாடுல், அது இதுன்னு போயி, கடைசியா 2016 மே மாசம் காட்டுனதுல ப்ராசஸரும் டிஸ்ப்ளேயும் பேட்டரியும் ஃப்ரேமோடயே ஃபிக்ஸ் ஆயிருச்சு, மாத்துறதுக்கு மிச்சம் இருந்தது கேமரா, ஸ்பீக்கர் மாதிரி ஐட்டம்தான், செப்டம்பர்ல கடையவே மூடிட்டாங்க. நிறைய ஃபோன்ல ரேம் ப்ராசஸர் தலைமேலயே உக்காந்திருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒயரு நீளுற அளவுக்கு வேகம் குறையும், கரண்டு கூட இழுக்கும். ஸ்டோரேஜும் போர்டுல ஈயம் வச்சு ஒட்டுனதுதான். ஒவ்வொண்ணையும் தனித்தனி டப்பாவுல போட்டு கனெக்டர் வச்சா ஃபோன் செங்கல் தடிமன் ஆயிரும், அத எவன் வாங்குவான், நான் வாங்க மாட்டேன்.

எல்ஜி ஜி5 2016ல வந்துச்சு, அடிப்பக்கத்த இழுத்தா பேட்டரியோட வெளிய வரும், அதுல கேமரா பிடி, ஆடியோ மாடுல் எல்லாம் மாட்டலாம். அடுத்த வருசம் ஜி6 வந்தப்ப ஃபோன சீல் பண்ணிட்டாங்க, வாங்குன மாடுல் எதுவும் அதுல சேராது. மோட்டோ இசட்ல அதே 2016ல காந்தத்துல ஒட்டுற மோட்ஸ் வந்துச்சு, ஸ்பீக்கர், பவர் பேக், ப்ரொஜெக்டர்னு, பழச அடுத்தடுத்த மாடல்லயும் மாட்டுற மாதிரி பாத்துக்கிட்டாங்க, அத மதிக்கணும், 2019ல இசட்4ஓட அதுவும் நின்னு போச்சு. அப்கிரேடுன்னு சொல்ற மாதிரி எனக்குத் தெரிஞ்சு நடந்தது ஃபேர்ஃபோன்லதான், 2020ல 3 பிளஸ்னு விட்டப்ப அதோட புதுக் கேமராவ பழைய 3லயே ஸ்க்ரூ கழட்டி மாட்டிக்கலாம்னாங்க. அது ஐரோப்பாக்காரங்களுக்கு.

அங்க சட்டமும் வந்துருச்சு. 2025 ஜூன்ல இருந்து அங்க சந்தைக்கு வர்ற ஃபோனுக்கு, விக்கிறத நிறுத்துன பெறகும் 7 வருசம் பார்ட்ஸ் குடுக்கணும். 2027 பிப்ரவரியில இருந்து பேட்டரிய நாமளே கழட்டுற மாதிரி இருக்கணும்னும் இருக்கு, அதுல ஒரு சந்து இருக்கு, ஆயிரம் தடவ முழுசா சார்ஜ் ஏத்தி இறக்குன பெறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்குற, தண்ணி புகாத ஃபோனுக்கு விலக்கு, பாதி கம்பெனி அந்தச் சந்துலதான் நுழையும்னு நெனைக்கிறேன். எனக்கு பேட்டரிச் சட்டத்த விட அந்த பார்ட்ஸ் சட்டம்தான் பெருசாத் தெரியுது. அது நம்ம ஊருக்கு வந்து, ரிச்சி ஸ்ட்ரீட் தாண்டி டவுன் ஹால் ரோடு வரைக்கும் இறங்குனா, சாமி, கம் போட்டு ஒட்டுனாக் கூட ஒட்டிக்கங்கடான்னு விட்டுருவேன்.

போர்ட் மாத்துன பெறகு ஃபோன் ஜம்முன்னு இருக்கு, அதையும் சொல்லணும்ல. சார்ஜ் பழைய வேகத்துல ஏறுது, ஸ்க்ரூ போட்டு மூடுனதுனால பேக் பேனல் இடுக்குல கம் பிதுங்கல, தொறந்த ஃபோன்னே தெரியாது. கடைத் தம்பியும் சொன்னான், "வேலை செய்ய தங்கமான ஃபோனுண்ணே, பார்ட்ஸ்தான் இல்ல"ன்னு.

மாப்ள, நீ வாங்காத. விலை குறைஞ்சிருக்கேன்னு பாக்காத, குறையிறதுன்னாலே ஸ்டாக்க காலி பண்றான்னு அர்த்தம், ஸ்டாக் காலியான பெறகு பார்ட்ஸுக்கு எங்க போவ. நேரா கடைக்குப் போ, "தம்பி, எந்த ஃபோனுக்கு சிசி போர்டும் காம்போவும் இப்பவே டப்பாவுல இருக்கு"ன்னு கேளு, அவன் கை எந்த டப்பாவுக்குப் போகுதோ அந்த ஃபோன வாங்கு.

என்னயக் கேட்டா, நேத்து ராத்திரி கரும்பச்சைக் கலர் கவர் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன், ஆஃபர்ல பாதி விலைக்கு வந்துச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்லயும் இன்னொரு சிசி போர்டு சொல்லி வச்சிருக்கேன்.