எரிமலை வாயுக்களை அளக்கும் டையோடு லேசர் கருவி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மாக்மாவில் (நிலத்தடிப் பாறைக்குழம்பில்) கார்பன் டை ஆக்சைடு குறைவாகவே கரையும் என்பதால், சல்பர் டை ஆக்சைடு பிரியத் தொடங்கும் முன்பே, மிகுந்த ஆழத்திலேயே அது குமிழ்களாக வெளியேறிவிடுகிறது. ஆழத்து மாற்றங்களை முன்கூட்டியே உணர்த்தக்கூடிய இந்த வாயு, காற்றில் ஏற்கெனவே ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கிறது; எரிமலை சேர்க்கும் பங்கை அதிலிருந்து பிரித்தறிவதுதான் சிரமம். அதற்காகவே, வாயுத் துளைகள் நிறைந்த ஒரு பள்ளத்தில் சில ஆண்டுகளாகத் திறந்தவெளி டையோடு லேசர் கருவியைப் பயன்படுத்திவருகிறேன்.

கருவியை ஒரு கரையிலும் பிரதிபலிப்பானை எதிர்க்கரையிலும் நிறுத்தினால், கதிர் வாயுத் திரளை இருமுறை கடந்து திரும்புகிறது. 1.6 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதியில் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் ஒளியை உறிஞ்சுவதால், ஒரே பாதையில் இரண்டையும் அளக்க முடிகிறது. நான் மிகவும் மதிக்கும் பயன் இதுவே: காற்று திரளை எவ்வளவு நீர்த்துப்போகச் செய்தாலும், பின்னணி அளவைக் கழித்தபின் இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரிதாகக் குலைவதில்லை. வாயுவோடு வினைபுரிந்து மின்னோட்டம் தரும் மின்வேதி உணரிகள் பிற வாயுக்களுக்கும் ஓரளவு எதிர்வினை காட்டும், நாளடைவில் தேய்ந்தும் போகும். இங்கே அந்தக் கவலை இல்லை.

ஆனால் திரும்பிவரும் ஒளியின் வலிமையைப் பார்க்காமல் செறிவு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. குளிர்ந்த காலைகளில் நீராவி திவலைகளாகித் திரையிடும்போது ஒளி சரிந்து, வாயு கூடிவிட்டதுபோல எண் தாறுமாறாக ஏறும். அத்தகைய பதிவுகளை நான் தயங்காமல் நீக்கிவிடுகிறேன். பிரதிபலிப்பானின் மீது கந்தகம் படிவதும் அமிலத் துளிகள் உலோகப் பகுதிகளை அரிப்பதும் ஓயாத வேலை. காய்ச்சி வடித்த நீரும் மென்துணியும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். வாயுவின் வெப்பமும் அழுத்தமும் உறிஞ்சுதலை மாற்றுவதால், அவற்றைத் தனியே பதிவுசெய்து திருத்தம் செய்வதும் கட்டாயம்.

சல்பர் டை ஆக்சைடுக்கு இக்கருவி பயன்படாது. அதற்குப் புறஊதா நிறமாலைமானி தேவை. ஒரு நாளில் வெளியேறும் மொத்த அளவை மதிப்பிடவும் செறிவு மட்டும் போதாது: பல பாதைகளில் அளந்து திரளின் குறுக்குவெட்டைக் கணித்து, அதை வாயு மேலெழும் வேகத்தால் பெருக்க வேண்டும், அந்த வேகத்தில் நேரும் பிழை அப்படியே விடைக்குள் வந்துவிடும்.

வாங்க எண்ணுவோர், கணக்கிட்ட செறிவோடு மூல நிறமாலையையும் (அலைநீளவாரியாகப் பதிவான ஒளியளவையும்) சேமிக்கும் கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐயத்துக்குரிய ஓர் ஏற்றத்தைப் பல மாதங்களுக்குப் பின் மறுபடி சரிபார்க்க அது ஒன்றே வழி.