புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கணினி நின்று நின்று போகிறதா? நான் ஏமாந்த கதையை முதலில் படியுங்கள்

நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்கு, நான் கார்டு வாங்கிய விற்பனைத் தளத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இந்தப் புகார் முடித்துவைக்கப்படுகிறது." இரண்டே வரி. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. என் பாதி மாதச் சம்பளம் போய்விட்டது. வேறு யாருக்கும் இப்படிப் போகக் கூடாது என்றுதான் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாக ஒரு பாகத்தை மாட்டிய பிறகு கணினி கிராஷ் ஆனால் எப்படிச் சோதிப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தம்பி கட்டட வரைகலை படிக்கிறான். வீட்டில் இருப்பது பழைய கணினி, மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே இருக்கும் கிராபிக்ஸ்தான். முப்பரிமாண மாடலைத் திருப்பிப் பார்த்தாலே திணறும். திரையில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தால் போதும் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம். என் கையில் இருந்த காசுக்கு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி நினைவகம் உள்ளது, சரியாக இருக்கும் என்று தேடிப் பார்த்து முடிவு செய்தோம். 2016-இல் வந்த கார்டுதான், ஆனாலும் அவன் வேலைக்குப் போதும்.

பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் பெரிய இணையத் தளம் ஒன்றில் அது இருந்தது. விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், கீழே வரிசையாக நல்ல விமர்சனங்கள். அப்படியும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பாதி மாதச் சம்பளம் ஆயிற்றே. அரட்டைப் பெட்டியில் கேட்டேன்: "இது புதுசுதானே? யாராவது பயன்படுத்தினதா?" இரண்டு நிமிடத்தில் பதில். "புத்தம் புதுசு மேடம். சீல் பிரிக்காதது. என் தங்கச்சியும் டிசைன்தான் படிக்கிறா, அவளுக்கும் இதே கார்டுதான் போட்டுக் கொடுத்திருக்கேன். பிரச்சினைன்னா நான் இருக்கேன்."

அந்தத் தங்கச்சி என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். தம்பிக்காக வாங்குகிறேன் என்று முந்தைய வரியில் நானேதான் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் தங்கச்சியைக் கொண்டுவந்தார் என்பது நேற்று இரவு முழு அரட்டையையும் முதலிலிருந்து படித்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, ஒரு அண்ணன் பேசுகிறார் என்று. உடனே பணம் கட்டினேன்.

கார்டு வந்தது. பெட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு குறுந்தகடு, அதோடு ஒரு துண்டுச் சீட்டு: "இந்தத் தகட்டில் உள்ள டிரைவரை மட்டும் நிறுவவும்." டிரைவர் என்றால் கார்டைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள். தம்பி அப்படியே செய்தான். திரை நன்றாக வந்தது. கணினியும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றே பெயர் காட்டியது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் இரவு ஒரு பெரிய மாடலைத் திறந்திருக்கிறான். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தது. மறுபடி கறுத்தது. அப்புறம் நீலம். "வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்" என்று ஒரு வரி. கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும், எழுப்ப முடியாவிட்டால் இந்த நீலத் திரையைக் காட்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. சின்ன மாடல் என்றால் ஓடும், பெரியது என்றால் விழும். "அக்கா, திரும்பவும் நீலமாயிடுச்சு" என்று அவன் கூப்பிடுவது அந்த வாரம் முழுக்க என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை அவன் மூன்று மணி நேரம் வரைந்தது சேமிக்கும் முன்பே போய்விட்டது.

மூன்றாம் நாள் புகார் கொடுத்தேன். அப்போதும் அதே விற்பனையாளர், அதே இனிப்பான பேச்சு. "எஸ்எம்பிஎஸ் பத்தலை மேடம். 600 வாட்ஸ் போடுங்க, சரியாயிடும்." எஸ்எம்பிஎஸ் என்றால் கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. எங்கள் கணினியில் இருந்தது 450 வாட்ஸ். நம்பினேன். இன்னும் நாலு நாள் சம்பளத்தைப் போட்டுப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். இந்தக் கார்டுக்கு மொத்தக் கணினிக்கும் சேர்த்து 300 வாட்ஸ் இருந்தால் போதும் என்று என்விடியாவே தன் விவரப் பக்கத்தில் போட்டிருக்கிறது. கார்டு தனியாக இழுப்பது 75 வாட்ஸ்தான். அந்தப் பக்கத்தை நான் முதலில் பார்த்திருந்தால் அந்தப் பொய் அங்கேயே உடைந்திருக்கும். பார்க்கவில்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றிய அன்றே மறுபடி நீலம். அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "டிரைவரைச் சுத்தமா நீக்கிட்டு மறுபடி போடுங்க." அவசியமான நிரல்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் போய் நீக்கிப் போட்டோம். "ராம் பழுதா இருக்கும், செக் பண்ணுங்க." ராம் என்ற கணினியின் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுக்க ஓடவிட்டோம், நாலு சுற்றிலும் ஒரு பிழையும் இல்லை. "ஸ்லாட்ல சரியா உட்காரலை." கழற்றித் துடைத்து மாட்டினோம். கடைசியில் கார்டையே எடுத்துவிட்டுப் பழையபடி மதர்போர்டு கிராபிக்ஸில் இரண்டு நாள் ஓட்டினோம். ஒரு தடவைகூட விழவில்லை. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? அதை எழுதி அனுப்பினேன். வந்த பதில்: "அப்போ உங்க மதர்போர்டுதான் கார்டுக்கு ஒத்துப்போகலை. நாளைக்கு எங்க டெக்னிஷியன் பேசுவார்."

டெக்னிஷியன் பேசவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள். திருப்பி அனுப்பும் கெடு பத்து நாள் என்று தளத்தில் இருந்தது. பதினோராம் நாள் காலையில் பார்த்தால் அந்தப் பொத்தானே இல்லை. விற்பனையாளரின் பதிலும் அன்றோடு நின்றது. அதுவரை இரண்டு நிமிடத்தில் பதில் போட்ட மனிதர்.

எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொல்லி அழாத குறைதான். கார்டைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கேபிள் சொருகும் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார். "இந்த நீலக் கலர் ஓட்டை எப்படிம்மா இதுல இருக்கு?"

பழைய மானிட்டர்களில் இருக்குமே, மூன்று வரிசையில் பதினைந்து சின்னத் துளை, நீல நிறம், விஜிஏ. அதுதான். 1050 டிஐயில் இருக்கும் தலைமுறைச் சிப் விஜிஏவுக்கான அனலாக் சிக்னலை அனுப்பவே அனுப்பாதாம். அந்தத் துளை இருக்கிறது என்றால் உள்ளே இருப்பது வேறு ஏதோ பழைய சிப். அத்தனை நாள் அது எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. தம்பியின் மானிட்டர் கேபிளைக் கையில் பிடித்து அதில் சொருகியதே நான்தான்.

அன்று மாலை கார்டை அவரிடம் கொண்டுபோனேன். அவர் கணினியில் மாட்டியும் விழுந்தது. ஜிபியு-இசட் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, அதைத் திறந்தார். கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் "ஃபேக்" என்று நின்றது. போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்து அப்படிக் காட்டும் வசதி 2018-இலிருந்தே அதில் இருக்கிறதாம். நான் திகைத்து நிற்கும்போதே அவர் மின்விசிறியைக் கழற்றி, காய்ந்துபோன பசையைத் துடைத்து, சிப்பின் மேல் இருந்த எழுத்தைக் காட்டினார். ஜிஎஃப்116. 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயில் இருக்கும் சிப். அதற்கு மேல் வரியில் 11 என்று தொடங்கும் எண், அது தயாரான ஆண்டு. கார்டுக்குள் இருக்கும் அடிப்படை நிரலான பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று பெயர் சொல்ல வைத்திருக்கிறார்கள். 4 ஜிபி என்று காட்டியதும் பொய். உண்மையில் இருந்தது 1 ஜிபி. சின்ன மாடல் அந்த 1 ஜிபிக்குள் அடங்கியது. பெரிய மாடலோ கார்டில் இல்லாத நினைவகத்தைக் கேட்டதும் எல்லாம் சரிந்தது. என்விடியா தளத்தில் இருக்கும் புது டிரைவர் இந்தப் பழைய சிப்பை ஏற்காது, அதனால்தான் அந்தக் குறுந்தகடும் துண்டுச் சீட்டும்.

என் தம்பி கைக்கு வந்தது பல வருடம் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார்டு. அதற்கு என் பாதி மாதச் சம்பளம்.

இத்தனை ஆதாரத்தையும் தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். முதலில் ஒருவர் "சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் தீர்வு" என்றார். அடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்றாமவர் கெடு முடிந்துவிட்டது என்றார். கெடு முடியும்வரை இழுத்தது உங்கள் விற்பனையாளர், அரட்டை உங்கள் தளத்திலேயே இருக்கிறது, பாருங்கள் என்றேன். நாலாமவர் படங்களைப் பார்த்துவிட்டு, "பொருள் பிரிக்கப்பட்டுள்ளதால் எந்தக் கோரிக்கையும் ஏற்க இயலாது" என்றார். பிரிக்காமல் புகார் சொன்னபோது மதர்போர்டு பழுது, பிரித்துக் காட்டினால் பிரித்ததே குற்றம். பின்னே எப்படித்தான் நிரூபிப்பது? அதற்கு வந்த பதில்தான் மேலே எழுதிய அந்த இரண்டு வரி. அந்த விற்பனையாளர் இன்றைக்கும் பச்சை டிக்கோடு அதே கார்டை விற்றுக்கொண்டிருக்கிறார். காலையில்கூடப் பார்த்தேன்.

சோதிக்கும் முறையை விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாகத்தை மாட்டிய பிறகு கிராஷ் ஆரம்பித்ததோ அதை முதலில் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். சரியாக ஓடினால், அடுத்து அதையே வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் குற்றம் அந்தப் பாகத்தில்தான். இதற்கு நடுவில் யார் சொன்னாலும் வேறு எதையும் புதிதாக வாங்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு என்றால் வந்த அன்றே ஜிபியு-இசட் ஓட்டுங்கள், பின்பக்கத் துளைகளைத் தயாரிப்பாளரின் படத்தோடு ஒப்பிடுங்கள், குறுந்தகட்டைத் தொடாமல் தயாரிப்பாளர் தளத்து டிரைவரையே போடுங்கள். அது ஏற்காவிட்டால் அன்றே திருப்பி அனுப்புங்கள். மின்விசிறியைக் கழற்றவே கழற்றாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளி எடுத்து வையுங்கள். விற்பவர் நாளைக்கு என்று சொன்னாலும் நீங்கள் இன்றைக்கே திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

வங்கி அட்டையில் பணம் கட்டியிருந்ததால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கியில் மறுப்பு மனு கொடுக்கலாம் என்று அந்த அண்ணன் சொன்னார். படிவம் நிரப்பிவிட்டேன். தங்கச்சி கதையிலிருந்து கடைசி இரண்டு வரி வரை மொத்த அரட்டையையும் தம்பி அச்செடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறான். வங்கி திறந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.