ஃபைபர் படகின் அடியைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள், பூச்சு அடிப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள்

மே மாதத்தில் ஒரு பட்டறையில் பழுது பார்த்து வாங்கிய எங்கள் ஃபைபர் படகின் அடிப்பகுதி, ஜூன் முதல் வாரத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ 11 கடல் மைல் தொலைவில் உரிந்து திறந்துகொண்டது. படகில் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேரும் உயிரோடு திரும்பிவிட்டோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாதபடி செய்யப்பட்டிருந்த வேலை அது என்பதாலும், அதே பட்டறையில் இந்தப் பருவத்தில் இன்னும் பலர் படகு கொடுத்திருப்பார்கள் என்பதாலும் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். புகார் கொடுக்க இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்களுடையது 28 அடிப் படகு. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நாகை மாவட்டத்தில் எங்கள் ஊருக்குத் துறைமுகம் கிடையாது. கடலிலிருந்து வந்ததும் படகை டிராக்டரில் கட்டி மணலில் இழுத்து ஏற்றுகிறோம். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மணல் உப்புத்தாள்போல், படகின் அடியில் முதுகெலும்பாக நீளவாட்டில் ஓடும் ஏராவைத் தேய்க்கிறது. முதலில் மேலே உள்ள ஜெல்கோட் பூச்சு போகும். பிறகு உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தேங்காய் நார்போல் வெளுத்துத் தெரியும். அதன் பிறகுதான் கசிவு தொடங்கும். ஏப்ரல் மாதக் கடைசியில் எங்கள் படகின் முன்பகுதியில் நான்கடி நீளத்துக்கு அப்படி நார் தெரிந்தது. தினமும் இரண்டு வாளித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன. எங்களைப் போன்ற சிறு படகுகளுக்குத் தடை இல்லை. மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுதான். ஆகவே படகை நீண்ட நாள் கரையில் போட்டுவைக்க எங்களுக்கு மனம் வராது. பட்டறைக்காரர்களுக்கோ தலைக்கு மேல் வேலை. மற்ற இரண்டு இடங்களில் பத்து நாட்களுக்குக் குறையாமல் கேட்டபோது, இவர் மட்டும் நான்கே நாளில் தருவதாகச் சொன்னார். பழைய பரப்பைத் தேய்த்து எடுத்து, ஆறு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு, ஜெல்கோட் அடித்துத் தர 42,000 ரூபாய். "அண்ணே, ஆறு மேட் போட்டுத் தர்றேன், அஞ்சு வருசத்துக்கு நீங்க அடியைத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். 30,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, ஒரு துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். இழையை ஒட்டி இறுக வைக்கும் ரெசின் பசையின் வாடை ஆகாது, வேலை நடக்கும்போது கிட்டே வரவேண்டாம் என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். அன்று நான் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான்காம் நாள் போனபோது படகின் அடி நீல நிறத்தில், புதுப் படகுபோல் பளபளத்தது. கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் மேடுபள்ளம் இல்லை. மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் படகை எடுத்து வந்தோம்.

பத்து நாட்கள் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பதினோராவது முறை கடலுக்குப் போன அன்று, நள்ளிரவுக்குப் பின் 2 மணிக்குப் புறப்பட்டு, விடியும் நேரத்தில் செவுள் வலையை விட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஆறரை மணியளவில் காலடிப் பலகைக்கு மேலே தண்ணீர் வந்தது. ஐஸ் உருகிய தண்ணீராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். என் தாய்மாமா குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "மாப்ள, இது ஐஸ் தண்ணி இல்ல, கடத்தண்ணி" என்றார். அந்த ஒரு சோதனை எங்களுக்குப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தியது என்றே சொல்வேன்.

முன்பக்கப் பலகைகளைத் தூக்கிப் பார்த்தபோது, ஏராவின் ஓரத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளவு. அலை தூக்கும்போதெல்லாம் அது மீனின் செவுள்போல் திறந்து மூடியது. எவ்வளவு தண்ணீர் வரும் என்று கரையில் இருப்பவர்கள் குறைவாகவே மதிப்பிடுவார்கள். இரண்டு அங்குல விட்டமுள்ள ஓர் ஓட்டை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருந்தால், ஒரு நிமிடத்தில் 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். அதாவது பத்து வாளி. எங்களிடம் இருந்த சிறிய பேட்டரி பம்பு, அட்டையில் போட்டிருக்கும் அளவின்படியே பார்த்தாலும், நிமிடத்துக்கு 30 லிட்டர்தான் தள்ளும். ஆகவே தண்ணீர் வருகிற இடத்தை அடைக்காமல் இறைத்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை என்று மாமா உடனே முடிவு செய்தார்.

பதற்றத்தில் எஞ்சினை முடுக்கிக் கரையை நோக்கி ஓட்டத்தான் எனக்குக் கை போயிற்று. மாமா தடுத்தார். உரிந்த ஓரம் முன்னே பார்த்து இருக்கும்போது வேகமாக ஓட்டினால் தண்ணீர் அதற்குள் புகுந்து மிச்சத்தையும் கிழித்துவிடும். முதலில் நான்கு பேரும் உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டோம். பிறகு ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன்கள், நங்கூரம் எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளினோம்; முன்பக்கம் சற்று மேலே எழும்பியதும் வரத்து கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. வலையை இழுத்து ஏற்ற நேரம் இல்லை. அதன் பாரமும் படகுக்கு ஆகாது. கயிற்றை அறுத்து, கொடி கட்டிய மிதவையோடு கடலிலேயே விட்டோம். ஒரு லுங்கியை மடித்துப் பிளவுக்குள் திணித்து, அதன்மேல் ரப்பர் செருப்பை வைத்து, பலகைத் துண்டால் அழுத்தி, துடுப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். கடைசியாக, தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, படகின் முன்முனையான அணியத்தின் அடியாக வெளிப்புறம் கொண்டுபோய் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினோம். உள்ளே வரப் பார்க்கும் தண்ணீரே தார்ப்பாயை ஓட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் வாளியும் பம்பும் தண்ணீரை வெல்லத் தொடங்கின.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். ரேடியோ கருவியில் மின்னேற்றம் இருந்தது. ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில், ஜி.பி.எஸ். காட்டிய இடத்தையும், எத்தனை பேர் இருக்கிறோம் என்பதையும், அடி உடைந்து தண்ணீர் வருகிறது என்பதையும் மூன்று முறை சொன்னோம். தடைக்காலம் என்பதால் கூப்பிடு தூரத்தில் விசைப்படகு ஒன்றும் இல்லை. ஜூன் மாதக் கச்சான் காற்று எங்கள் பக்கத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். எஞ்சின் நின்றிருந்தால் படகு கரைப்பக்கம் ஒதுங்கியிருக்காது, இன்னும் ஆழத்துக்குத்தான் போயிருக்கும். பக்கத்து ஊர் ஃபைபர் படகு ஒன்று எங்கள் குரலைக் கேட்டு நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அவர்கள் கூடவே வர, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு 11 மணிக்குக் கரை வந்தோம். கைப்பேசி எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு எண்களையும் படகில் உள்ள ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள், எங்கள் ஊருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு ஃபைபர் வேலைக்காரரை அழைத்து வந்து, ஊர்க்காரர்கள் முன்னிலையில் அந்த இடத்தை வெட்டிப் பார்த்தோம். பனங்கிழங்குத் தோலை உரிப்பதுபோல் நீளமாக உரிந்து வந்தது. நீலப் பூச்சுக்கு அடியில் ஒரே ஓர் அடுக்கு மேட். அதற்கு அடியில், சில இடங்களில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு, கார்களின் நசுங்கலை நிரப்பப் பயன்படுத்தும் பட்டி. பட்டிக்கு அடியில் எங்கள் படகின் பழைய பெயின்ட் அப்படியே இருந்தது; பாசியின் பச்சைகூடப் போகவில்லை. அதாவது பழைய பரப்பை அவர்கள் தேய்க்கவே இல்லை. அந்த வகைப் பட்டி ஈரத்தை உறிஞ்சும். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் அடிப்பகுதிக்கு அது உதவாது. பத்து நாட்கள் ஊறி, டிராக்டர் இழுப்பில் நெகிழ்ந்து, பதினோராம் நாள் பிடி விட்டிருக்கிறது.

இதைவிட என்னை உலுக்கிய ஒன்று உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பதற்காக அணியத்தில் தெர்மாகோல் அடைத்த மூடிய அறை ஒன்று இருக்கும். உட்பக்கத்தைப் பார்ப்பதற்காகப் பட்டறையில் அதை வெட்டியிருக்கிறார்கள். நனைந்திருந்த தெர்மாகோலை எடுத்து எறிந்துவிட்டு, புதிதாக எதையும் வைக்காமல், வெற்று அறையை மூடிப் பூசியிருக்கிறார்கள். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று தார்ப்பாய் பிடிக்காமல் போயிருந்தால், எங்களைத் தாங்கியிருக்க வேண்டிய பொருள் படகிலேயே இல்லை. பணத்தை ஏமாற்றியதை என்றாவது நான் மறக்கக்கூடும். இதை மறக்க முடியாது.

சரியான வேலை எப்படி இருக்கும் என்பதையும் புதிதாக வந்தவர் காட்டினார். பழுதான இழையை நல்ல இழை தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள அடிக்குச் சுற்றிலும் ஏழு சென்டிமீட்டர் சரிவாவது வேண்டும். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். எட்டு ஆண்டுகள் கடலில் ஊறிய படகு இரண்டு நாளில் காயாது. அசிட்டோனால் துடைத்த பிறகே மேட்டையும் நெய்த இழைத் துணியையும் மாற்றி மாற்றி ரெசினில் தோய்த்து அடுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு இறுகினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான் வரும். ஆறு அடுக்கு என்று சொல்லிவிட்டு ஒன்று போட்டால் எவ்வளவு குறைகிறது என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஜெல்கோட் அடித்துவிட்டால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. எனவே தேய்த்து முடித்ததும் ஒரு முறை, கடைசி மேட் போட்டதும் ஒரு முறை, நீங்களே போய்ப் பார்த்துப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மேட் அடுக்கிய இடம் பூச்சுக்கு முன் ரெசின் நிறத்தில் ஒளி ஊடுருவுவதுபோல் இருக்கும், இழையும் தெரியும். பட்டி பூசிய இடத்தில் இழை தெரியாது, சுண்ணாம்புபோல் மங்கலாக இருக்கும். வேலை முடிந்த படகை வாங்கும்போது நாணயத்தால் அடி முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பட்டி நிரப்பிய இடமும் ஒட்டாமல் நிற்கும் இடமும் மொத்தென்று கேட்கும். பார்க்க விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் படகை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

வெட்டி எடுத்த துண்டுகளோடு பட்டறைக்குப் போனோம். "கல்லுல மோதிருப்பீங்க அண்ணே, என் வேலையில குத்தம் இல்ல" என்றார். எங்கள் கரை முழுவதும் மணல். மாமா துண்டுகளை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, இதில் எத்தனை மேட் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னார். அவர் எண்ணவில்லை. 5,000 ரூபாய் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார். வாங்காமல் வந்துவிட்டோம். ரசீது இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் பக்கம் சற்றுப் பலவீனமாக இருக்கும் என்று விசாரித்ததில் சொன்னார்கள்; இருந்தாலும் துண்டுத்தாள், படங்கள், வெட்டிப் பார்த்தபோது உடன் இருந்தவர்களின் கையெழுத்து ஆகியவற்றோடு மனு தயாராகிறது. இதேபோல் பாதிக்கப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும்.

படகு இப்போது வேறொரு கொட்டகையில் கவிழ்த்துக் கிடக்கிறது. தேய்த்து ஒன்பது நாட்கள் காயவிட்டு, நேற்றுத்தான் முதல் அடுக்கு போட்டார்கள். நானும் மாமாவும் காலையிலிருந்து அங்கேயே இருந்தோம். அணியத்து அறைக்கான புதிய தெர்மாகோலை நாங்களே வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அறுத்துவிட்ட வலையைத் தேடி இரண்டு முறை போனோம். கொடியோ மிதவையோ கிடைக்கவில்லை.