லினக்ஸுக்கு ஒரு பழைய லேப்டாப்: டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 – எது தேறும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால், சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் சிப் 8-ஆம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும். இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ அலுவலக லேப்டாப்புகள் விற்பனைக்கு வந்துவிட்டன. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஐடி கம்பெனிகள் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட நினைப்பவர்களுக்கு இது நல்ல நேரம்.

இந்த அலசலுக்கு 20 ஆயிரம் ரூபாயை வரம்பாக வைத்துக்கொள்கிறேன். கல்லூரி மாணவர், வீட்டில் எழுத்து வேலை செய்பவர், நிரல் கற்றுக்கொள்பவர் ஆகியோரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வீடியோ எடிட்டிங், கேம் என்றால் கணக்கே வேறு.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். கொஞ்சம் கூடப் போட்டால் புதுசே கிடைக்குமே என்பார்கள். அந்த விலைக்கு வரும் புதியவற்றில் பெரும்பாலும் செலரான் போன்ற வேகம் குறைந்த சிப்தான் இருக்கும். ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மூடியைத் திறந்தால் கீல் பகுதி பிளாஸ்டிக் நெளியும். 2013 முதல் 2017 வரை வந்த மேக்புக் ஏர் பார்க்க அழகு. ஆனால் அதிலுள்ள பிராட்காம் வைஃபைக்குத் தனி டிரைவர் தேடிப் போட வேண்டும். அதன் கேமரா வேலை செய்ய யாரோ ஆர்வலர்கள் உழைத்து உருவாக்கிய டிரைவரை நம்ப வேண்டும். ரேமைக் கூட்டவே முடியாது. குரோம்புக்கில் லினக்ஸ் போடலாம்; அதற்கு முன் வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரையே மாற்றியாக வேண்டும், பல மாடல்களில் சேமிப்பகமும் பற்றவைத்ததுதான். முதல்முறை லினக்ஸுக்கு வருபவருக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

மிஞ்சுவது 2018-இல் வந்த மூன்று அலுவலக இயந்திரங்கள்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 14 அங்குலம். மூன்றிலும் பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறைச் சிப். அநேகமாக ஐ5-8250யூ அல்லது 8350யூ, அதாவது 4 கோர், 8 த்ரெட். வேகத்தில் இவற்றுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. லினக்ஸ் வகைகளான டெபியன், மின்ட், ஃபெடோரா எதைப் போட்டாலும் மூன்றிலும் வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் பொதுவாகத் தானாகவே எழுந்துவிடும். 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து வைஃபைக்குத் தேவையான ஃபர்ம்வேரும் நிறுவியிலேயே சேர்ந்து வருவதால் பழைய சிக்கல் ஒன்று ஒழிந்தது.

ஆகவே லினக்ஸ் ஓடுமா என்று இங்கே கேட்க வேண்டியதில்லை. ஏழெட்டு வயதான இயந்திரம் இன்னும் ஐந்து வருடம் ஓட வேண்டும். அதற்குள் ஏதாவது பழுதானால் நம் கையாலோ பக்கத்துச் சர்வீஸ் கடையிலோ சரிசெய்ய முடியுமா என்பதை வைத்தே நான் மதிப்பிடுகிறேன்.

பேட்டரியில் தொடங்குவோம், ஏனென்றால் பழைய லேப்டாப்பில் முதலில் சாவது அதுதான். டி480-இல் இரண்டு பேட்டரி. உள்ளே 24 வாட்-மணி ஒன்று நிலையாக இருக்கும். வெளியே ஒன்றைக் கழற்றி மாட்டலாம். அது 24, 48, 72 வாட்-மணி என்ற அளவுகளில் வரும். லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியிலுள்ள இரண்டு தாழ்களையும் இரு கட்டைவிரலால் ஒதுக்கினால் வெளிப் பேட்டரி கையோடு வந்துவிடும். அப்போதும் திரை அணையாது. உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும். வேறொன்றைச் செருகிவிட்டு வேலையைத் தொடரலாம். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. பேட்டரி செத்தாலும் கடைக்குப் போகத் தேவையில்லை. லாட்டிட்யூடிலும் எலைட்புக்கிலும் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அடிமூடியைத் திருகு கழற்றித் திறந்தால் மாற்றலாம், கஷ்டமில்லை. ஆனால் ஒன்றே ஒன்றுதான்: டெல்லில் பெரியது 60 வாட்-மணி, ஹெச்பியில் 50.

சார்ஜர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். டி480-க்கு யூஎஸ்பி-சி வழியாக மட்டுமே மின்சாரம். அந்தத் துளைகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. வருடக்கணக்கில் செருகி எடுத்துத் தளர்ந்துபோனால் லேப்டாப்பையே சார்ஜ் செய்ய முடியாது. போதாததற்கு, இந்த வரிசையில் ஒரு யூஎஸ்பி-சி துளையை இயக்கும் தண்டர்போல்ட் கட்டுப்படுத்தியின் ஃபர்ம்வேரில் பிழை ஒன்று இருந்தது: அது தன் சின்னஞ்சிறு நினைவகத்தில் பதிவுகளை எழுதி எழுதி நிரப்பிவிடும், பிறகு அந்தத் துளை ஒழுங்காக வேலை செய்யாது, சார்ஜும் ஏறாது. லெனோவோ பின்னர் திருத்தம் வெளியிட்டது. முன்பிருந்தவர் அதைப் போட்டிருந்தாரா என்பது நமக்குத் தெரியாது. அதனால் கடையிலேயே இரண்டு யூஎஸ்பி-சி துளையிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஒன்றில் ஏறாவிட்டால் அந்த இயந்திரத்தை வைத்துவிடுங்கள்.

லாட்டிட்யூட் 7490-இலும் எலைட்புக் 840 ஜி5-இலும் யூஎஸ்பி-சியோடு வழக்கமான உருளை முனைச் சார்ஜர் துளையும் தனியாக உண்டு. ஒன்று போனால் மற்றொன்று. இதில் அவை இரண்டும் டி480-ஐ வெல்கின்றன. டெல்லில் மட்டும் ஒரு பிடிவாதம்: உருளைச் சார்ஜரின் நடுவிலுள்ள ஊசி வழியாக அது டெல் சார்ஜர்தானா என்று இயந்திரம் விசாரிக்கும். அடையாளம் தெரியவில்லை என்றால் பேட்டரி ஏறாது, சிப்பின் வேகத்தையும் குறைத்துவிடும். லேப்டாப் ஏன் இப்படி ஊர்கிறது, லினக்ஸ்தான் காரணமோ என்று மண்டையை உடைத்துக்கொள்பவர் பலர். டூப்ளிகேட் சார்ஜரை மாற்றினாலே சரியாகிவிடும். கடையில் கொடுக்கும் சார்ஜர் ஒரிஜினலா என்று பார்த்து வாங்குங்கள்.

ரேமில் மூன்றும் சமம். மூன்றிலும் இரண்டு டிடிஆர்4 துளைகள், 32 ஜிபி வரை போகலாம். வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியும் மூன்றிலும் ஓடும். மெமரி விலை ஏறிக்கிடக்கும் இந்தச் சமயத்தில் 8 ஜிபியோடு வாங்கி அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 16 ஜிபி போட்டதாகவே பேரம் பேசுங்கள். இன்னொரு எச்சரிக்கை: டி480 என்று நினைத்து டி480எஸ் வாங்கிவிடாதீர்கள். ஓரெழுத்துதான் கூடுதல், ஆனால் அதில் ஒரு ரேம் போர்டோடு சேர்ந்தது, கழற்றும் பேட்டரியும் கிடையாது. மெலிதான நல்ல இயந்திரம்தான். ஆனால் இங்கே சொன்ன காரணங்கள் அதற்குப் பொருந்தாது. என்விடியா எம்எக்ஸ்150 என்ற தனி கிராஃபிக்ஸ் சிப் வைத்த டி480-ஐயும் தவிர்க்கலாம். நம் வேலைக்கு அது தேவையே இல்லை. சூடும் டிரைவர் தொல்லையும்தான் மிச்சம்.

அடுத்து திரை. டி480-இன் பெரிய பலவீனம் இதுதான். சந்தைக்கு வருபவற்றில் பலவும் 1366 x 768 திரை கொண்டவை. ஆங்கிலம் எப்படியோ படித்துவிடலாம். தமிழ் படிப்பவர் கண்ணுக்கு அது தண்டனை. சிறிய எழுத்தில் ‘ண்’, ‘ன்’ மீதுள்ள புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ‘ணூ’, ‘ஞி’ போன்றவற்றின் உள்வளைவுகள் அடைத்துப்போகும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் வெளிறும். 1920 x 1080 திரையுள்ளதைத் தேடி வாங்குங்கள். விலை படிந்தால் சாதாரணத் திரையோடு வாங்கி முழு எச்டி பேனலை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கழற்றத் தெரிந்த சர்வீஸ் கடையில் அது சின்ன வேலை. லாட்டிட்யூடின் முழு எச்டி திரை இதைவிட ஒருபடி வெளிச்சமானது என்பது என் கண்கண்ட தீர்ப்பு.

எலைட்புக்கில் திரையை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்க்க முடியாதபடி ஷ்யூர் வியூ என்ற தனியுரிமைத் திரை போட்டிருப்பார்கள். விசையில் அந்த வசதியை அணைத்துவிட்டாலும் படம் சாதாரணத் திரைபோல் தெளிவாக இருக்காது. நாள் முழுக்கப் படிக்கும் வேலை என்றால் வேண்டவே வேண்டாம். சாதாரணத் திரை என்றால், மூன்றில் கட்டுமானம் எலைட்புக்குத்தான் அழகு: அலுமினிய உடல், நல்ல ஒலி.

விசைப்பலகையில் எனக்கு டி480-தான். விசைகள் ஆழமாக இறங்கி எழும். தமிழ்99 தட்டச்சு முறையில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் மாறிமாறி ஓடும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அடிக்கலாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99-உம் ஒலியியல் முறையும் எந்த லினக்ஸிலும் கிடைக்கும்.

லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பது பலரும் கவனிக்காத விஷயம். லினக்ஸில் எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவை வழியாக, மற்ற மென்பொருளைப் புதுப்பிப்பதுபோலவே பயாஸையும் புதுப்பிக்கலாம். டெல்லும் லெனோவோவும் இதில் நன்றாக ஒத்துழைக்கின்றன. டெல் 2012 முதலே உபுண்டுவோடு எக்ஸ்பிஎஸ் 13-ஐ விற்ற நிறுவனம். லெனோவோ 2020-இல் ஃபெடோராவோடு திங்க்பேடை விற்கத் தொடங்கியது. 840 ஜி5-க்கு அந்தச் சொகுசை எதிர்பார்க்காதீர்கள். கோப்பைப் பென் டிரைவில் போட்டு பயாஸுக்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

டி480-க்கு லினக்ஸில் ஒரு குறை உண்டு. கடினமான வேலை கொடுக்கும்போது, விண்டோஸில் இருப்பதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சிப் தன் வேகத்தை அடக்கிக்கொள்ளும். த்ராட்டில்டு என்ற சிறு நிரலைப் போட்டால் தீரும். பெரிய நிரல்களைத் தொகுக்காதவர் அதைப் போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. விரல் ரேகை வசதியை மூன்றிலுமே கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். கடவுச்சொல் தட்டிப் பழகுங்கள். டி480-க்கு மட்டும் இருக்கும் இன்னொரு சிறப்பு: 2024 டிசம்பரிலிருந்து லிப்ரேபூட் என்ற மாற்று பயாஸ் அதை ஆதரிக்கிறது. இயங்குதளம் மட்டுமல்ல, பயாஸும் முடிந்தவரை திறந்த மூலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு இது பெரிய விஷயம்.

ஆகவே முழு எச்டி திரையும் ஒழுங்கான யூஎஸ்பி-சி துளைகளும் உள்ள டி480 கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. ஆனால் திங்க்பேட் என்ற பெயருக்காக விற்பவர்கள் விலையைச் சற்று ஏற்றிச் சொல்வது வழக்கம். அடிவாங்கிய டி480-க்கும் புதுசுபோல இருக்கும் லாட்டிட்யூட் 7490-க்கும் ஒரே விலை என்றால் யோசிக்காமல் லாட்டிட்யூடை எடுப்பேன்.

கையில் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் 2017-இன் டி470 இருக்கிறது. விண்டோஸ் 11 கைவிட்ட இயந்திரம் என்பதால் பேரத்துக்கு இடம் கூடுதல். கழற்றும் பேட்டரி, இரண்டு ரேம் துளை எல்லாம் இதிலும் உண்டு. யூஎஸ்பி-சியோடு லெனோவோவின் பழைய செவ்வக முனைச் சார்ஜர் துளையும் இருப்பதால் டி480-இன் பயம் இதற்கு இல்லை. சிப் மட்டும் 2 கோர், 4 த்ரெட். எழுத்து, இணையம், பைத்தான் கற்பது இதற்கெல்லாம் தாராளம். 7-ஆம் தலைமுறைச் சிப் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். டி470-இல் 6-ஆம் தலைமுறையும் வந்தது. யூட்யூப் பயன்படுத்தும் விபி9 வீடியோவை 7-ஆம் தலைமுறைச் சிப் தன் வன்பொருளிலேயே பிரித்துக்கொள்ளும், 6-ஆம் தலைமுறை திணறும்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் மின்ட் போட்ட பென் டிரைவ் ஒன்றை எடுத்துப் போங்கள். நிறுவாமலே அதிலிருந்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பயாஸுக்குள் நுழையும்போது கடவுச்சொல் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, எடுப்பது லேசில்லை. திரை எழுந்ததும் வைஃபையில் சேருங்கள், ஒரு பாட்டைப் போடுங்கள், கேமராவைத் திறங்கள், எல்லா விசையையும் ஒரு முறை தட்டுங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள், விழிக்கிறதா என்று. மின் புள்ளிவிவரம் காட்டும் செயலியில் பேட்டரியின் இப்போதைய முழுக் கொள்ளளவும் தயாரித்தபோதிருந்த கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். டச்பேட் மேலெழும்பி இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, பயாஸில் தெரியும் சீரியல் எண்ணும் அடியில் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால் போர்டோ அடிமூடியோ மாற்றப்பட்டது. ஒன்றாக இருந்தால் அதே எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்டுத் திரும்பி வரும்போது அதுதான் பேசும்.