பழைய காரின் கதவு உள்பலகைகளுக்கு வினைல் கலர் ஸ்ப்ரே
1960களில் தயாரான காரின் நிறம் மங்கிய கதவு உள்பலகைகளுக்கு இந்த ஸ்ப்ரேயைப் பயன்படுத்தினேன். சாதாரண பெயின்ட்டைப் போல் தடித்த படலமாகப் படியாமல், பலகையின் மேலுறையான வினைலின் (தோல் போன்ற பிளாஸ்டிக்) மெல்லிய வரிகள் மறையாதபடி ஒட்டிக்கொள்வதே இதன் சிறப்பு. ஆனால், முன்பு பூசிய சிலிக்கோன் பாலிஷ் சிறிதளவு எஞ்சியிருந்தாலும், அவ்விடத்தில் நிறம் விலகிச் சிறு குழிகள் விழுகின்றன. தையல் ஓரங்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தியபின் மெல்லிய பூச்சுகளாக அடித்ததில், முழங்கை ஓயாமல் உரசும் கைத்தாங்கியில்கூட நிறம் உரியவில்லை. விரிசலை இது மறைக்காது என்பதை டப்பாவிலேயே அச்சிட்டிருக்கலாம். வினைலுக்கு அடியில், ஈரத்தில் உப்பி வளைந்த ஹார்ட்போர்டுக்கும் (அழுத்திய மரநார்ப் பலகை) இது மருந்தல்ல. அதை மாற்றி, கதவுத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதே வழி. தெளிப்பு முனைதான் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.