உசாத்துணையும் பார்த்துத் தரும் ஒரு கிளிநொச்சிக் கடை

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியிலிருந்து ஒரு சிறு ஒழுங்கைக்குள் திரும்பினால் வரும் இந்தக் கடையின் பலகையில் போட்டோக்கொப்பி, டைப்செற்றிங், பைண்டிங், லமினேற்றிங் என்ற நான்கு சொற்களே உள்ளன. அறிவியல் நகரிலுள்ள பீடங்களின் மாணவர்கள் ஒப்படைகளோடு வந்து போகும் இடமாதலால், பருவ முடிவில் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். பலகையில் இல்லாத ஐந்தாவது வேலை ஒன்றையும் உரிமையாளர் செய்கிறார்: ஆய்வேட்டின் உசாத்துணைப் பட்டியலை, அதாவது அதில் மேற்கோள் காட்டிய நூல்கள், கட்டுரைகளின் பட்டியலை, வரி வரியாகச் சரிபார்த்துத் தருகிறார். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியது.

மாசடைந்த அடையல்களிலிருந்து, அதாவது நீரடியில் படிந்த சேற்றிலிருந்து, பாதரசத்தை அகற்றும் முறைகள் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளின் மீளாய்வே என் முதுமாணி ஆய்வேடு. ஆய்வேடு ஆங்கிலத்திலும் அதன் சுருக்கம் தமிழிலும் இருந்தன, 112 உசாத்துணைகள். ஒன்றுக்கு 20 ரூபா வீதம் 2,240 ரூபா கேட்டார். பட்டியலைக் கணினியே ஒழுங்குபடுத்தித் தந்துவிடும் காலத்தில் இது எதற்கு என்ற எண்ணத்தோடுதான் பணத்தைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அழைத்தார். தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசத்தால் நஞ்சேறிய ஜப்பானின் மினமாட்டா விரிகுடா பற்றிய வரிகளில் பென்சிலால் கோடிட்டிருந்தது. குளத்தைத் தூர்வாருவதைப் பார்த்துப் பழகிய எங்கள் பக்கத்தில், சேற்றை அள்ளிவிட்டால் சிக்கலும் போய்விடும் என்றுதான் எவரும் நினைப்பார். பாதரசச் சேறு அப்படிப்பட்டதன்று என்பதைக் காட்டவே அந்த எடுத்துக்காட்டை முதல் அத்தியாயத்தில் வைத்திருந்தேன். அங்கே 1977 முதல் 1990 வரை, 25 பி.பி.எம். (கிலோகிராமுக்கு 25 மில்லிகிராம்) அளவுக்கு மேல் பாதரசம் கொண்ட அடையலை உறிஞ்சி எடுத்தார்கள். ஏறத்தாழ 15 இலட்சம் கன மீற்றர் அடையல் கையாளப்பட்டது. எடுத்த சேற்றைக் கடலோரத்தில் அணைகட்டி நிரப்பி, மேலே நல்ல மண் போட்டு மூடியதில் 58 ஹெக்டயர் புதுநிலம் கிடைத்தது. உண்மையில் பாதரசம் அகலவில்லை, இடம் மாறியது. அதனை அடையலிலிருந்து பிரித்தே ஆகவேண்டுமென்றால் சூடாக்கி ஆவியாக்கும் முறை உண்டு. 357 பாகை செல்சியசில் கொதிக்கும் உலோகமாதலால் அது இயலும், ஆனால் ஈரச் சேற்றை அந்த வெப்பத்துக்குக் கொண்டுபோகும் எரிபொருட் செலவு கண்ணைக் கட்டும். அள்ளும்போது கலங்குகின்ற நீரோ தனிச் சிக்கல்.

உரிமையாளருக்கு இரசாயனத்தில் அக்கறை இல்லை. முன்பு ஒரு நூலகத்தில் உதவியாளராக இருந்தவர் அவர், கேட்டது ஒரே கேள்விதான்: "ரீச்சர், இந்தக் கட்டுரையை நீங்கள் வாசிச்சனீங்களோ, இல்லை, வாசிச்ச ஆள் எழுதினதைப் பாத்தனீங்களோ?" நான் பார்த்தது இரண்டாவதைத்தான். மினமாட்டா வரிகளுக்குச் சான்றாகப் பட்டியலில் நான் கொடுத்திருந்த பக்க எண்ணில் வேறொரு கட்டுரை இருந்ததை அவர் இணையத்தில் தேடிக் கண்டிருக்கிறார். அதே பிழையான எண் என்னிடமிருந்த வேறு இரண்டு மீளாய்வுக் கட்டுரைகளிலும் அப்படியே இருந்தது. பரீட்சை விடைத்தாள்களில் இரண்டு பிள்ளைகள் ஒரே சொல்லை ஒரே விதமாகப் பிழையாக எழுதினால் நான் என்ன முடிவுக்கு வருவேனோ, அதே முடிவுக்குத்தான் அவரும் என்னைப் பற்றி வந்திருப்பார்.

வெட்கத்தோடு வீடு திரும்பிய பிறகுதான் இதைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டென்று அறிந்தேன். சிம்கின், ராய்ச்சௌதுரி என்ற இருவர் 2003 இல் வெளியிட்டது அது. புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரைக்கு வந்த ஏறத்தாழ 4,300 மேற்கோள்களில் 196 பிழையாக அச்சாகியிருந்தன. ஆனால் அவற்றுள் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. மற்றவை ஒருவர் பட்டியலைப் பார்த்து மற்றவர் எழுதியதால் பரவியவை என்று கொண்டு, மேற்கோள் காட்டுவோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தை வாசிக்கிறார் என அவர்கள் கணித்தார்கள். 2,240 ரூபா எனக்கு அப்போது மலிவாகத் தோன்றியது.

பெயர்களிலும் அவர் கை நுணுக்கமானது. தமிழ் ஆய்வாளர் ஒருவர் தந்தையின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுவார். சிலர் தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். வெளிநாட்டுச் சஞ்சிகையின் படிவமோ குடும்பப் பெயர் என்றொரு கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்கிறது. விளைவாக ஒரே ஆய்வாளர் என் பட்டியலில் மூன்று ஆட்களாகப் பிரிந்து, ஒருமுறை தன் தகப்பனாராகவும் நின்றார். உரிமையாளர் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கும், 2012 இல் தொடங்கிய ஓர்கிட் (ORCID) என்ற இணையப் பதிவில் தேடி, 16 இலக்க அடையாள எண் ஒன்றே என்பதைக் கண்டு, மூவரையும் ஒருவராக்கினார். மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது.

இனிக் குறை. தட்டச்சுப் பகுதி அவ்வளவு நம்பத்தக்கதன்று. தமிழ்ச் சுருக்கத்தைப் பாமினி எழுத்துருவில் அடித்து யுனிகோடுக்கு மாற்றுகிறார்கள். அதில் வரும் ஒற்றுப்பிழைகளை நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும். (எங்கள் பாடநூல் வழக்கில் பாதரசம் வெறும் இரசந்தான் என்பதால், அடையலிலிருந்து இரசத்தை அகற்றல் என்ற தலைப்பைக் கண்டு தட்டச்சு செய்த தங்கச்சி சிரித்தது வேறு கதை.) பெரிய பிழை அட்டவணையில் நேர்ந்தது. மைக்ரோவைக் குறிக்கும் மியூ என்ற கிரேக்க எழுத்து என் கோப்பில் சிம்பல் எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துருவில் ஆங்கில எம் இருக்கும் இடத்தில்தான் மியூ இருக்கிறது. ஒரே சீராக இருக்கட்டும் என்று முழுக் கோப்பின் எழுத்துருவையும் கடையில் மாற்றியதும், மியூக்கள் எல்லாம் எம் ஆகிவிட்டன. கிலோகிராமுக்கு 200 மைக்ரோகிராம் என்றிருந்த ஒப்பீட்டு மாதிரி 200 மில்லிகிராம் ஆனது. மினமாட்டாவில் அள்ளுவதற்கு வைத்த எல்லையே கிலோகிராமுக்கு 25 மில்லிகிராம் என்னும்போது, நான் தூயதென்று காட்டிய சேறு அதன் எட்டு மடங்கு நஞ்சாகிவிட்டது. பக்க எண்ணில் அவ்வளவு கண்ணாக இருந்தவர் இதைக் காணவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. சொன்னபோது மறுபேச்சின்றி அந்தப் பக்கங்களை இலவசமாக அடித்துத் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பைண்டிங் உறுதியானது, முதுகில் பொன்னெழுத்து நேராக விழுந்திருக்கிறது. போட்டோக்கொப்பி மற்றக் கடைகளைப் போலத்தான். மின்சாரம் நின்றால் வேலையும் நிற்கும்.

உசாத்துணைக்காகப் போகிறவர்கள் சமர்ப்பிக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போவது நல்லது. கோப்பை பி.டி.எப். ஆகவும் ஒரு பிரதி கொண்டுபோய், முதற்பிரதி வெளியே வந்ததும் அலகுகள் உள்ள பக்கங்களை அங்கே நின்றபடியே ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டை ஒட்டிய பிறகு ஒரு தாளை மாற்ற அவர் மூன்று நாள் கேட்பார்.